முயன்றால் எரியாத பல்பு

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினைந்து வயது. பொதட்டூர்பேட்டையில் பத்தாவது படிக்கிறேன். வருஷம் எழுபத்தொன்பது. நீ இதைப் படிக்கிற அன்றைக்கு என்னைவிட மூத்தவனாக, மீசை வைத்தவனாக இருப்பாய் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சத்தம் போட்டுச் சிரிக்க முடியாது. தறிக்குழிக்குள் இறங்கி, நைனா காலால் மிதிக்கிற பலகையின் மேல் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழிக்குள் வைத்தால் வெளிச்சம் மேலே ஏறாது. நைனாவின் குறட்டை கேட்கிறவரைக்கும் பயமில்லை. அது நிற்கும்போதெல்லாம் விளக்கைத் தாழ்த்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மகளுக்கு எழுதாமல் மகனுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், மகள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவாள். ஆண்பிள்ளைகளுக்கு எதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புப் பையன்களைப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கே எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை நகரியிலிருந்து அத்தையும் பாவாவும் வருகிறார்கள். அத்தை, நைனாவின் அக்கா. பாவா அவள் மகன். வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டு என்னைப் பாவாவுக்கென்று பேசி முடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் அம்மா சாமி படத்தின்முன் கற்பூரம் ஏற்றுவாள். நான் அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். எனக்கு வலிப்பு வரும் என்பதைச் சாகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது. திருத்தணி ரேடியோ கடை மாடிக்கு இனிமேல் போகக் கூடாது. "பொறக்கப்போற புள்ளைங்களுக்குக்கூட சொல்லக்கூடாதுடி," என்றாள் அம்மா சாயங்காலம். "புள்ளைங்க வாயில எது நிக்கும்? நேரா உங்க அத்தகிட்ட போய் ஒளறிடும்." கற்பூரத்தின்மேல் செய்த சத்தியத்தை மீற எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் சத்தியம் செய்வதற்கு முன்பே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அம்மா தன் தலையாலேயே ஒரு பல்பை எரிய வைத்தவள்.

பொய் இல்லை. திருத்தணி கடைவீதியில் நைனா நெய்த லுங்கிகளைக் கொண்டுபோய்ப் போடுகிற துணிக்கடைக்குப் பக்கத்தில் முனிரத்தினத்தின் ரேடியோ கடை இருக்கிறது. அதன் மாடியில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் ஒரு முள், ஒரு பச்சை பல்பு, தவளைமாதிரி கத்துகிற ஒரு பஸ்ஸர். பெட்டியிலிருந்து வருகிற ஒயர்களின் நுனியில் சின்ன வெள்ளித் தகடுகள். குளிர்ந்த பசையைத் தடவி அவற்றைத் தலையில் ஒட்டுவார்கள். மூளைக்குள் ஒருவகை அலை எழும்போது பல்பு எரியும், தவளை கத்தும். அலை போய்விட்டால் அணைந்துவிடும். பல்பை எரிய வைக்கப் பழகுவதுதான் பயிற்சி. முதல்நாள் மாடிப்படி ஏறும்போதே நான் அழுதுவிட்டேன். ஷாக் வைப்பார்கள் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். முனிரத்தினம் பெட்டியைத் திறந்து உள்ளே காட்டினார். "இன்னாத்துக்கு அழுவுற பாப்பா? கரண்டே இல்ல, பாத்துக்கோ. டார்ச் லைட்டு பேட்டரிதான். இது உன் தலைக்கு ஒண்ணும் அனுப்பாது. உன் தலை அனுப்புறதத்தான் இது வாங்கிக்கும்." என் தலை அனுப்புகிறதா! அழுகை அப்படியே நின்றுவிட்டது. கணக்கில் பாஸ் மார்க் வாங்காத என் தலை, ஒரு பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது!

இந்தப் பக்கத்தில் இது எப்படி ஆரம்பித்தது என்று நீ கேட்பாய். நீ பெரியவனாகும்போது ஊர் ஊருக்கு இந்தப் பெட்டி இருக்கலாம், அப்போது முதலில் யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். எனக்குத் தெரியும். எல்லாம் டாக்டரம்மா என் தலையில் பசை தடவிக்கொண்டே சொன்னவை. அவர் மெட்ராஸில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறவர், புகுந்த வீடு திருத்தணி. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ரயிலில் வந்து இறங்குவார். அறுபதுகளில் அவர் மாணவியாக இருந்தபோது, வடக்கே யோகிகளின் தலையில் ஒயர் ஒட்டித் தியானத்தில் மூளை என்ன செய்கிறது என்று பார்த்தார்களாம். அதைப் படித்துவிட்டு அவருடைய ஆசிரியரும், பேனாக்கள் ஓடி ஓடிக் கோடு போடுகிற ஈ.ஈ.ஜி. என்ற பெரிய மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு மலையடிவாரச் சாமியாரிடம் போயிருக்கிறார். சாமியார் கண்ணை மூடினார். கோடுகள் அழகாக, பெரிய பெரிய அலையாக மாறின. ஆசிரியருக்குப் புல்லரித்துவிட்டது. "அப்புறம் குறட்டை கேட்டுச்சு," என்றார் டாக்டரம்மா. "அவர் தூங்கிட்டாரும்மா. நாங்க ஒரு கட்டு பேப்பர் தூக்கத்தை எழுதிட்டு வந்தோம்." சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில், ஒட்டிய தகடு என் காதுக்கு நழுவிவிட்டது.

பிறகு அமெரிக்காவில் பூனைகள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பூனை உடம்பை அசைக்காமல் ஆனால் விழிப்பாக இருக்கிறபோது அதன் மூளையில் ஓர் அலை வருகிறது. எலி வளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்த மாதிரி. அந்த அலை வரும்போதெல்லாம் பாலும் கோழிச் சாறும் கொடுத்தார்கள். பூனைகள் வேண்டுமென்றே அந்த அலையை வரவழைக்கக் கற்றுக்கொண்டன. பின்னால் வேறொரு சோதனைக்காக வலிப்பு வரவைக்கிற மருந்து ஒன்றைக் கொடுத்தபோது, இப்படிப் பழகிய பூனைகள் மற்றப் பூனைகளைவிட வெகுநேரம் தாங்கினவாம். மனிதர்களுக்கும் பழக்கிப் பார்க்கலாமே என்று அங்கே தொடங்கினார்கள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுத் தன் கல்லூரியில் போய்க் கேட்டிருக்கிறார். "பல்பு வெச்சு வித்தை காட்ட இது என்ன பொருட்காட்சியா?" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் திருத்தணி, அதனால்தான் ரேடியோ கடை மாடி. முனிரத்தினமும் அவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டுப் பெட்டியைச் செய்தார்கள். முதல் பெட்டியில் மூளை அலைக்குப் பதில் சிலோன் ரேடியோ கேட்டதாம். தீராத தலைவலிக்காரரான ஒரு பஸ் கண்டக்டரும், தூக்கம் வராத ஒரு வக்கீல் குமாஸ்தாவும் எனக்கு முன்னால் வந்தவர்கள். கண்டக்டர் பல்பு எரிந்ததும் "ரைட், ரைட்" என்று கத்துவார். உடனே அணைந்துவிடும்.

இனி வலிப்பைச் சொல்கிறேன். பயப்படாதே. எட்டாம் வகுப்பில் ஒருநாள் மூக்கில் பஞ்சு கருகுகிற வாசனை வந்தது. காதில் ரீங்காரம். கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பாவாடை நனைந்திருந்தது. சுற்றிலும் என் சிநேகிதிகளின் முகங்கள் ஓர் அடி பின்னால் போயிருந்தன. அந்த ஓர் அடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குறைந்தது, நிற்கவில்லை. அம்மா திருத்தணி முருகனுக்கு என் முடியை வேண்டிக்கொண்டாள். நைனா, முனிரத்தினம் சொன்னதைக் கேட்டு என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இரண்டும் நடந்தன.

அந்த இரண்டும் மோதிக்கொண்ட கதையை நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பெட்டியின் முள் பேயாட்டம் ஆடும். "எண்ணெய்தான் காரணம், தலைக்குக் குளிச்சுட்டு எண்ணெய் வெக்காம வாம்மா," என்பார் டாக்டரம்மா. நான் குளித்துவிட்டு வந்தால், பஸ் ஏறுமுன் அம்மா கை நிறைய எண்ணெயோடு பிடித்துவிடுவாள். "வயசுப்பொண்ண பரட்டத் தலையோட அனுப்புனா ஊரு காறித் துப்பாதா?" ஆடிக் கிருத்திகை வந்தது. மலையில் முடியிறக்கினார்கள். பத்தாம் வகுப்பில் மொட்டை என்றால் எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியாது, நீ ஆண்பிள்ளை. ஆனால் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் கைதட்டினார். "முருகன் எனக்காகவே எடுத்துக்கிட்டார் பாரு!" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களுக்கு இல்லீங்க. வலிப்புக்கு." தகடுகளை ஒட்டினார்கள். முள் முன்னைவிட மோசமாக ஆடியது. முனிரத்தினம், "டிரான்சிஸ்டர் பூடுச்சு மேடம், அடிச்சு சொல்றேன்," என்று பெட்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொன்றாய்க் கழற்றி, மாற்றி, ஊதி, மறுபடியும் பற்றவைத்தார். மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது. டாக்டரம்மா ரயிலை விட்டுவிட்டார். எனக்குத் தலை அரித்தது. சொறிந்தேன். மஞ்சளாக, செதில் செதிலாக மேஜைமேல் உதிர்ந்தது. மொட்டைக்குப் பூசுகிற சந்தனம்! தலை குளிரட்டும் என்று அம்மா தினமும் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தாள். அது காய்ந்து ஓடுமாதிரி ஒட்டியிருந்தது. அவர்கள் பெட்டியை ஆராய்ந்தார்களே தவிர, என் தலையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் சந்தனத்துக்கு ஈ.ஈ.ஜி. எடுத்துக்கினு இருந்திருக்கேன்," என்றார் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

தலையைக் கழுவியதும் முள் சாதுவாகிவிட்டது. ஆனால் பல்பு எரியவில்லை. எரி, எரி என்று பல்லைக் கடித்தேன். முருகா என்றேன். அழுதேன். "எரியணும்னு நெனச்சா எரியாது," என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் எப்படித்தான் எரியும் என்று கேட்டால், "எனக்கும் தெரியாதும்மா. எனக்கே இதுவரைக்கும் சரியா எரிஞ்சதில்ல," என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுத்துப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கடைவீதியில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றது. நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் இழை அறுந்து தறி நின்றதுபோல எனக்குத் தோன்றியது. உனக்குத் தறி தெரியுமோ தெரியாதோ. இழை அறுந்தால் நைனா கையையும் காலையும் அப்படியே நிறுத்திவிடுவார். நானும் ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பேன். அத்தனை இழைகளில் எது அறுந்தது என்று பார்க்க, உடம்பு ஆடக் கூடாது. தேடித் தேடி விழிக்கவும் கூடாது. சும்மா எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அறுந்த இழை தானே தெரியும். அப்படித்தான் அந்தச் சுவரைப் பார்த்தேன். தவளை கத்தியது! பச்சையாக எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நான் துள்ளினேன், அணைந்தது. மறுபடி இழையைப் பார்த்தேன், எரிந்தது. முனிரத்தினம் மாடிப்படியில் நின்று, "ஏய், பாப்பா பத்தவெச்சிட்டா!" என்று கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். மகனே, பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

பிறகு ஒரு காலை, குழாயடியில் அந்தக் கருகல் வாசனை வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இழையைப் பார்த்தேன். வாசனை வந்தது, நின்றது, போய்விட்டது. நான் விழவில்லை! டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னால் அவர் குதிக்கவில்லை. "சந்தோஷம். ஆனா தானாவே போயிருக்கலாம். மாத்திரையால போயிருக்கலாம். ஒரு பொண்ண வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தினா பல்பையும் நிறுத்திடுவேன்." எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் தப்புச் செய்தேன். பல்பு இருக்கிறதே என்று மாத்திரையை முழுங்காமல் துப்பிவிட்டேன், பல நாள். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் வலிப்பு வந்து எல்லோர் முன்னாலும் விழுந்தேன். உனக்கு எந்த மருந்தாவது கொடுத்தால், நன்றாக இருக்கிற நாளிலும் ஒழுங்காகச் சாப்பிடு. நன்றாக இருப்பது எதனால் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பஸ்ஸில் நகரிக்காரர் யாரோ இருந்தார்களாம். சேதி போய்ச் சேருவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று அம்மாவும் நைனாவும் அவசரப்படுவது அதனால்தான்.

அவர்களைத் திட்டாதே. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு. ஆனால் நான் யோசிக்கிறேன்: நகரி வீட்டில் எனக்கு வலிப்பு வந்தால்? மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பேன்? கருகல் வாசனை வரும்போது, ஐயோ பார்த்துவிடுவார்களே என்று பயந்தால் இழை தெரியுமா? பயந்தால் எரியாதே அது! டாக்டரம்மா அடுத்த வாரம் மெட்ராஸில் டாக்டர்கள் கூடுகிற ஓர் இடத்தில் என்னை உட்கார வைக்க வேண்டும் என்கிறார். பேனா மெஷினில் என் அலையை அவர்கள் கண்முன்னால் எழுத வைப்பாராம். பொருட்காட்சியா என்று கேட்டவர்களும் அங்கே இருப்பார்கள். "உங்க நைனா ஆங்னு சொன்னா மட்டும்தான்," என்றார். நைனாவிடம் நான் கேட்கவே இல்லை. நாளைக்குச் சத்தியம். குறட்டை நின்றுவிட்டது. விளக்கை அணைக்கிறேன்.

மறுநாள் ராத்திரி எழுதுகிறேன். அதே குழிதான்.

காலையில் அம்மா கற்பூரம் ஏற்றினாள். "கைய வைடி." நீட்டினேன். சூடு உள்ளங்கையில் தெரிந்தது. "சொல்லு. புள்ளைங்களுக்குக்கூட சொல்லமாட்டேன்னு சொல்லு." என்னை அறியாமல், "அவனுக்கு எழுதிட்டேன்மா," என்றேன்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எவனுக்கு?"

"மகனுக்கு."

"எவ மகனுக்குடி? எந்தத் தெரு? பாவி, தட்டு மாத்துற அன்னிக்கி லெட்டர் எழுதிகினு நிக்கிறியே!" தலையிலடித்துக்கொண்டாள். நைனா வாயில் பல்பொடியோடு ஓடிவந்தார்.

"எனக்குப் பொறக்கப்போற மகனுக்கும்மா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வலிப்பு மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குள் கற்பூரம் எரிந்து தீர்ந்துவிட்டது. வேறு கற்பூரம் எடுக்க அம்மா விளக்கு மாடத்தில் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

கதவோரம் நான் மொட்டையை மறைத்துப் போட்டிருந்த முக்காட்டைப் பாவா பார்த்துவிட்டு உட்காருமுன்பே ஆரம்பித்தான். "இன்னா மாமா, பொண்ணு காட்டறேன்னு பூசணிக்காய வெச்சிருக்கீங்க?" அத்தை அவனை முறைத்தாள். தட்டை நடுவில் வைத்தார்கள். நைனா அதைத் தூக்கக் குனிந்தார். நான் வெளியே வந்தேன். "அத்தே, எனக்கு வலிப்பு வரும். பஸ்ல விழுந்தது நான்தான். மாத்திரை சாப்புடறேன். திருத்தணியில ஒரு டாக்டரம்மாகிட்ட பழகிகினு இருக்கேன். அத விடமாட்டேன்." இவ்வளவுதான் சொன்னேன். ஒரே மூச்சில். சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது, மலையிலிருந்து உருண்ட மாதிரி.

அத்தை நிதானமாகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எங்க வம்சத்துல இல்லாத வியாதி," என்றாள், அம்மாவைப் பார்த்து.

நைனா நிமிர்ந்தார். தட்டு அவர் கையிலேயே இருந்தது. "எந்த வம்சம் அக்கா அது? நீயும் நானும் வேற வேற வயித்துலயா பொறந்தோம்?"

"அதுக்கில்லடா. மறைச்சியே."

"ஆங். மறைச்சேன். பொண்ணு மறைக்கல இல்ல?"

அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தாள். தட்டு மாறவில்லை. பாவா செருப்பு மாட்டுகிற சாக்கில் என் பக்கம் வந்து, "நெஜமாவே பல்பு எரியுதா?" என்று மெதுவாகக் கேட்டான். பல்பைப் பற்றி நான் சொல்லவே இல்லை. பஸ்ஸில் பார்த்த நகரிக்காரர், திருத்தணிக் கடைவீதியில் கேட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் போல.

"ஆங்."

"நான் போய் குந்தினா எரியுமா?"

"உனக்கு எரியாது. நீ வாய மூடமாட்ட."

சிரித்துக்கொண்டே போனான். கெட்டவன் இல்லை. ஆனால் அவன்தான் உன் அப்பா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

பகல் முழுக்க அம்மா அடுப்பைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். நைனா தறியில் இறங்கினார், நெய்தார், நிறுத்தினார், நெய்தார். அடி விழும் என்று நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போய் நின்றேன். என்னைப் பார்க்காமல், ஊடை நூல் ஓட்டுகிற நாடாக்கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"மெட்ராஸ் போறதுக்கு டாக்டரம்மா எந்த வண்டிக்கு வரச் சொன்னாங்க? முனிரத்தினம் கடையில சொன்னாரு, நீதான் சொல்லல."

"காலை வண்டி நைனா."

"சரி. நானும் வரேன். அவ்ளோ பெரிய டாக்டருங்க எதிர்ல நீ ஒத்தையா குந்திகினு இருக்கவேணாம்." பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "உங்க அம்மாளையும் கூட்டினு போலாம். அவளுக்கும் தெரியட்டும்," என்றார். உள்ளேயிருந்து அம்மா, "எனக்கு ஒண்ணும் தெரியவேணாம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டுச்சோறு எத்தினி பேருக்கு?" என்று கேட்டாள்.

உன் அப்பா யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியாது மகனே. யாராக இருந்தாலும், தட்டைக் கையில் எடுக்குமுன் அவருக்கு நானே சொல்லியிருப்பேன். நீயும் அப்படியே செய். உன்னிடம் எது இருந்தாலும் முதலில் நீயே சொல்லிவிடு. சொன்ன பிறகு வருகிற பயம், சொல்லாமல் இருக்கிற பயத்தைவிடச் சின்னது. இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அதனால் சூடாகவே எழுதிவிடுகிறேன். மெட்ராஸில் பல்பு எரியுமா என்று கேட்காதே. அதை நினைக்கக் கூடாது.

உன் அம்மாவாகப் போகிறவள்